எல்லாம் டவுட்டுதான்

கொடைக்கானல் பேருந்தின் முதல் படியில் அன்னக்கொடி வலது காலை வைத்துவிட்டார். இடது கால் இன்னும் தரையில்தான் இருக்கிறது. அது மேலே வருமா வராதா என்பது ஓட்டுநர் மயில்சாமி சொல்லப்போகும் பதிலைப் பொறுத்தது.

“கொடைக்கானல் போகுதுங்களா?”

போகும். நெற்றிப் பலகையில் எழுதியிருக்கிறது. நாவக்கோம்பை ஊரோடு சாலை முடிந்துவிடுவதால் அந்தப் பேருந்துக்குப் போக வேறு திசையும் கிடையாது. பதினோரு வருடமாக வாரம் இரண்டு தடவை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்த மயில்சாமி, “இல்லக்கா, இன்னிக்குத் திருச்செந்தூருக்கு விடுறோம்” என்பார். அன்னக்கொடி சிரிக்க மாட்டார். “அன்னிக்குப் பூம்பாறையோட திருப்பிட்டு வந்தீகளே?” என்பார். மண் சரிந்த அன்று அப்படி ஒரு முறை நடந்தது உண்மைதான். மயில்சாமி தோற்று, “போகுதுக்கா, வெரசா ஏறுங்க” என்ற பிறகு இடது கால் மேலே வரும். பின்னால் காத்திருக்கும் பூண்டு மூட்டைகளும் அதற்குப் பிறகுதான் ஏறும்.

ஊரில் அவருக்கு டவுட்டக்கா என்று பெயர். பழனி மலையின் மேல்மட்டத்தில், பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் அறுபது வீடுகள்தான் நாவக்கோம்பை. அன்னக்கொடிக்கு வயது ஐம்பத்து நான்கு. புடவைக்கு மேல் கணவர் நாச்சிமுத்துவின் பழைய ஸ்வெட்டர், காதை மூடிக் கட்டிய துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். அந்தப் பூட்ஸைப் போடுமுன் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே தேள் இருக்காது என்று யார் சொல்ல முடியும்?

“யாரு பாத்தா?” என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். காட்டுமாடு இறங்கி உருளைக்கிழங்கை மிதித்துவிட்டது என்று யாராவது ஓடி வந்தால், “யாரு பாத்தா?” நாளைக்கு மழை என்று கைபேசி சொன்னால், “அது எங்க போயிப் பாத்துச்சு?” விதைப்பூண்டு விற்க வருகிறவர் நல்ல மலைப்பூண்டு என்று சத்தியம் செய்தாலும், ஒரு பல்லை நகத்தால் கீறி, நாக்கில் வைத்து, கண்ணில் நீர் வந்த பிறகுதான் சாக்கைப் பிரிக்க விடுவார். போன வருடம் கொடைக்கானல் டாக்டர் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது என்றபோது, “நீங்க கண்ணால பாத்தீங்களா?” என்று கேட்டுவிட்டார். டாக்டர் நல்ல மனிதர். ரத்தச் சோதனைக் கூடத்துக்கே கூட்டிப்போய் எந்திரத்தைக் காட்டினார். அன்று முதல் அன்னக்கொடி காப்பியில் சீனி போட்டுக்கொள்வதில்லை. பார்த்துவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. ஊருக்கு அவரிடம் பிடித்த விஷயமும் அதுதான்.

அவர்களுடைய பூண்டு வயல் ஊசியோடையின் கரையில் இருக்கிறது. பெயருக்கேற்ற ஒல்லி ஓடை. மேலே சோலைக்காட்டுக்குள் மேல்கசம் என்ற ஆழமான மடுவில் தொடங்கி, கூழாங்கல் படுகையில் சலசலத்து, இவர்கள் வயலைத் தொட்டுக்கொண்டு போய், கீழே அருவியாக விழுகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு மீன் இருக்கிறது. ஒரு சாண் நீளம். முதுகு பாசி நிறம், விலாவில் செம்புக் கம்பியை இழைத்ததுபோல் ஒரு கோடு. பிடித்து வைத்தால் கை மரத்துப்போகும், அவ்வளவு குளிர்ச்சி.

வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவதற்காகக் குடத்தில் குஞ்சாகக் கொண்டுவந்து விட்டது என்பார்கள். அவர்கள் ட்ரௌட் என்றார்கள். நாவக்கோம்பை நாக்கு அதை டவுட்டு என்று வாங்கிக்கொண்டது. சந்தேகத்துக்கும் ஊரில் அதே சொல்தான். ஆனாலும் ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. குழம்பில் கிடந்தால் மீன், மனதில் கிடந்தால் சந்தேகம். அன்னக்கொடியின் பட்டப்பெயர் எந்த டவுட்டிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்டால், இரண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள்.

மற்ற ஓடைகளில் இந்த மீன் அடியோடு போய்விட்டது, அல்லது பண்ணைக் குஞ்சுகளோடு கலந்துவிட்டது. ஊசியோடைக்குக் கீழேயிருந்து எதுவும் ஏறிவர அருவி விடாது. மேலேயிருந்து கொண்டுவந்து விடுவாரும் இல்லை. இன்னொரு காவலும் உண்டு. மார்கழி பிறந்ததும் ஊரில் பாதிப்பேர் பழனிக்கு மாலை போட்டுவிடுவார்கள். தைப்பூசம் முடியும்வரை எந்த அடுப்பிலும் கவுச்சி ஏறாது. மீன் முட்டையிடும் காலமும் சரியாக அதுதான். முருகனுக்காக ஊர் இருக்கும் விரதத்தில் மீன் பிழைத்துக்கொள்கிறது. மற்ற மாதங்களில் அன்னக்கொடியே நாலைந்து பிடித்துக் குழம்பு வைப்பார். “புளி கம்மியா ஊத்தணும், பூண்டு சாஸ்தியாப் போடணும்” என்று பக்குவமும் சொல்வார். மீனைப் பார்த்து உருகுகிற ஆள் இல்லை அவர்.

போன வருடம் வைகாசியில் பிரசாந்த் என்ற இளைஞர் வந்தார். மேல்கசத்துக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டத் திட்டம். கட்டுமுன் ஓடையில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எழுதி வர அவரை அனுப்பியிருந்தார்கள். சமவெளிக்காரர். கணுக்காலில் மூன்று அட்டைகளோடு வயலுக்கு வந்து சேர்ந்தார். அன்னக்கொடி உப்பைத் தடவி அட்டைகளை உதிர்த்து, கையில் கட்டங்காப்பியும் கொடுத்தார். பிரசாந்த் படிவத்தை மடியில் விரித்துக்கொண்டார்.

“இந்தத் தண்ணில மீன் இருக்காம்மா?”

“டவுட்டுதான் தம்பி.”

“வேற?”

“வேற ஒண்ணுங் கெடையாது. பூராம் டவுட்டுதான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

“இதுல யோசிக்க என்னப்பா கெடக்கு? முப்பத்தி நாலு வருசமா இந்த ஓடையிலதான் மம்பட்டி கழுவுறேன். மேல்கசத்துல இருந்து அருவி மட்டும் டவுட்டுதான். வேணும்னா அருவிக்குக் கீழ அடுத்த வயல்ல கேளு.”

பிரசாந்த் பொறுப்பானவர், அடுத்த வயலிலும் கேட்டார். அங்கேயும் டவுட்டுதான் என்றார்கள். எழுதிக்கொண்டு போனார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராமசபையில் அந்த அறிக்கையை வாசித்தார்கள். “ஊசியோடையில் மீன் இருப்பது சந்தேகமே எனப் பொதுமக்கள் உறுதிபடத் தெரிவித்தனர்.”

பெண்கள் வரிசையிலிருந்து அன்னக்கொடி எழுந்தார். “எந்தப் பொதுமக்க? யாரு பாத்தா?”

ஊராட்சி எழுத்தர் தாளைத் திருப்பினார். “பேரு போட்டிருக்குக்கா. நாச்சிமுத்து சம்சாரம் அன்னக்கொடி.”

கூட்டம் ஒரு நொடி யோசித்தது. பிறகு அர்த்தம் விளங்கி, அந்த இடமே அதிரச் சிரித்தது. டவுட்டக்காவே டவுட்டுன்னு சொன்ன பெறவு வேற யாரு சொல்லணும் என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். சிரிக்காதவர் அன்னக்கொடி ஒருவர்தான். கண்ணால் பார்க்காத ஒன்றை ஆயுசில் வாயால் சொல்லாதவர் அவர். அப்படிப்பட்டவர் ஆயிரம் தடவை கண்ணாரப் பார்த்ததைச் சந்தேகம் என்று அவர் பெயரிலேயே எழுதி, முத்திரையும் குத்திவிட்டார்கள். அந்த அவமானம் அவருக்கு உண்மையிலேயே வலித்தது.

“அந்தத் தாளத் திருத்துங்க” என்றார்.

திருத்தலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. மீன் இல்லை என்றால் அணை மேல்கசத்திலேயே வரும். தண்ணீர் தேங்கி, கூழாங்கல் படுகை சேற்றில் மூடி, முட்டையிட இடமில்லாமல் நாலைந்து வருடத்தில் மீன் பூண்டற்றுப் போகும். மீன் இருக்கிறது என்று நிரூபித்தால் அணையை அருவிக்குக் கீழே கொண்டுபோவார்கள். கீழ்வயல்களுக்கு இரண்டிலும் தண்ணீர் உண்டு. அருவிக்கு மேலே, அணைத் தண்ணீர் ஏற வழியில்லாமல் நிற்கப்போவது ஒரே ஒரு வயல். அது நாச்சிமுத்துவின் வயல்.

நாச்சிமுத்து சாதுவான மனிதர். அவருடைய ஒரே எதிரி ஓடைக்கரையில் இருக்கும் டீசல் இன்ஜின். கைப்பிடியை மாட்டிச் சுற்றிச் சுற்றித்தான் அதைக் கிளப்ப வேண்டும். அது கிளம்புவதற்குள் வலது தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கும். மேல்கசத்தில் அணை வந்தால் தண்ணீர் தானாக இறங்கி வரும், இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்று அவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

“மீனுக்காக எந் தோள முறிக்கிறியா?” என்று கேட்டார்.

“மீனுக்காக இல்லீங்க. எம் பேரப் போட்டுப் பொய் எழுதியிருக்கு.”

“அந்தப் பொய்யில நமக்கு நல்லதுதான நடக்குது?”

அன்னக்கொடி காதுத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு களை எடுக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து நாச்சிமுத்து அவரோடு பேசுவதை நிறுத்தினார். சொல்ல வேண்டியதை நாயிடம் சொன்னார். “கஞ்சி ஆறிப்போச்சுன்னு சொல்லு.” “தோளுக்குத் தைலம் எங்க கெடக்குன்னு கேளு.” அன்னக்கொடியும் நாயிடமே பதில் சொன்னார். நாய் இரண்டு பக்கமும் வாலாட்டியது.

மகள் ரம்யாவுக்கு வட்டக்கானலில் ஒரு விடுதியில் வேலை. வெள்ளைக்காரர்களோடு பேசிப் பழகிய இங்கிலீஷ். அறிக்கையைத் திருத்தக் கேட்டு மனுவை அவள்தான் எழுதி அனுப்பினாள். எழுதுமுன் தொலைபேசியில் ஒரு பாடமும் நடத்தினாள்.

“அம்மா, அது டவுட் இல்ல. ட்ரௌட்.”

“அதத்தாண்டி நானும் சொல்றேன். டவுட்டு.”

“ட்ர... ட்ர... சொல்லு.”

“ட்ர... ட்ரா... டவுட்டு.”

நாலைந்து நாள் களை எடுக்கும்போதெல்லாம் முயன்று பார்த்தார். நாக்கு முப்பத்து நான்கு வருடப் பழக்கத்தை விடவில்லை. கடைசியில் ரம்யா கும்பிட்டுவிட்டாள். “ஒனக்குப் புண்ணியமாப் போகும்மா. ஆபீசருங்க வந்தா வாயத் தொறந்து அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராத.”

மனுவுக்குப் பதில் வந்தது. மீன் ஆராய்ச்சி செய்யும் ஜெயப்பிரியா என்பவர் கார்த்திகையில் வந்து பார்ப்பதாகப் போனில் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் சரி என்றிருப்பார்கள். அன்னக்கொடி மறுத்துவிட்டார். “கார்த்திகையில வந்தா ஓடை கலங்கிக் கெடக்கும், கல்லுதான் தெரியும். மார்கழி இருவது தாண்டட்டும் மேடம். வெள்ளனே வந்துருங்க. அப்பத்தான் அது வாசல் பெருக்கும்.”

“எது வாசல் பெருக்கும்?”

“நீங்க வந்து பாருங்க” என்று போனை வைத்துவிட்டார். வார்த்தை வாய்வரை வந்துவிட்டதே காரணம்.

மார்கழி இருபத்து மூன்றாம் தேதி காலையில் ஜெயப்பிரியா வந்தார். கூடவே அதே பிரசாந்த். புல்லெல்லாம் உறைபனி. ஓடையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மேல்கசத்துக்கு அடுத்த கூழாங்கல் படுகைக்கு எதிரே ஒரு பாறையில் இருவரையும் உட்கார வைத்து, ஆடக் கூடாது, நிழல் தண்ணீரில் விழக் கூடாது என்று கட்டளை போட்டார் அன்னக்கொடி.

ஒரு மணி நேரம் போயிற்று. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

அன்னக்கொடிக்குக் காரணம் தெரியும். கீழே வயலில் நாச்சிமுத்து இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் தடதடப்பு பாறை வழியாக இவர்கள் உட்கார்ந்த இடம்வரை அதிர்ந்தது. அந்த அதிர்வில் மீன் கல்லிடுக்கை விட்டு வெளியே வராது. நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை. பூண்டு வாடுகிறது, அவர் தண்ணீர் கட்டுகிறார். அதைவிட முக்கியமான சோலி என்று எதைச் சொல்வது? தோளையும் கேட்டு, தண்ணீரையும் கேட்டு, இப்போது இதையும் எப்படிக் கேட்பது? முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிரசாந்த் கையைத் தேய்த்து ஊதிக்கொண்டார். ஜெயப்பிரியா தணிந்த குரலில், “வர்ற திங்கக்கிழம அறிக்கை குடுத்தாகணும்மா. இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாள் இல்ல” என்றார்.

அப்போது இன்ஜின் நின்றது.

டீசல் தீர்ந்திருக்கும் என்றுதான் அன்னக்கொடி முதலில் நினைத்தார். எட்டிப் பார்த்தார். நாச்சிமுத்து வரப்பில் குந்தியிருந்தார். கைப்பிடி மடியில் கிடந்தது. முகம் மட்டும் வேறெங்கோ, எதிர்மலைப் பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் நாய். பாதிப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்திருக்க மீதி காய்ந்து கிடந்தது. பனிக்காலத்தில் அந்த இன்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவது என்றால் அந்தத் தோள் என்ன பாடுபடும் என்பது அன்னக்கொடியைத் தவிர யாருக்குத் தெரியும்? முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

கால் மணி நேரம் கழித்து ஒரு மீன் வந்தது. படுகையின் நடுவில் நின்று நிதானித்தது. பிறகு உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து வாலால் கூழாங்கற்களை அடித்தது. பாசி பறந்தது. மறுபடி அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு முறம் அகலத்துக்குக் கற்கள் கழுவிவிட்டதுபோல் வெளுத்தன. பின்னால் இன்னொன்று வந்தது, அதற்குப் பின்னால் மூன்று. புரளும் ஒவ்வொரு முறையும் விலாவின் செம்புக் கோடு வெயிலில் மின்னியது.

“வாசல் பெருக்குது” என்று ஜெயப்பிரியா வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அவருடைய கேமரா விடாமல் சொடுக்கியது. “இந்தச் செம்புக் கோட வேற எந்த ஓடையிலயும் நான் பாத்ததில்லம்மா. வாலுலயும் ஒரு புள்ளி கெடையாது. எத்தனையோ தலமொறையா இந்தத் தண்ணியிலயே கெடந்து, தனக்குன்னு ஒரு சாயல் வந்துருச்சு.”

“ஆனா வெளிநாட்டு மீனுதான மேடம்?” என்றார் பிரசாந்த். கேட்டது நியாயமான கேள்வி.

அன்னக்கொடி திரும்பினார். “உருளக்கெழங்கும் தொரமாரு கொண்டாந்ததுதான் தம்பி. அதுக்கு லோன் குடுக்குறீக, மானியம் குடுக்குறீக. அத யாரும் வெளிநாடுங்கல.”

ஜெயப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிரசாந்துக்குக் காது சிவந்தது. பையிலிருந்து படிவத்தை எடுத்தார். போன வருடத்து அதே படிவம், புதுத் தாள். மீன் உண்டு என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு குறி போட்டார். பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் அன்னக்கொடி என்று எழுதினார். அன்னக்கொடி எழுத்துக்கூட்டி வாசித்துச் சரிபார்த்துக்கொண்டார். அவ்வளவு நாளும் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதுபோல் இருந்தது.

கீழே வரப்பில் நாச்சிமுத்து எழுந்து, கைப்பிடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, இன்ஜின் பக்கம் போகாமல் மேலே பார்த்தபடி நின்றார். இவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

“இன்னும் ஒரே ஒரு கட்டம்தாம்மா” என்றார் பிரசாந்த். பேனாவைத் தாளில் ஊன்றி, போன தடவையைப்போலவே பொறுப்பாக நிமிர்ந்து பார்த்தார். “உள்ளூர்ப் பேருன்னு போட்டிருக்கு. ஊருல இந்த மீன என்னன்னு சொல்லுவீங்க?”

அன்னக்கொடியின் வாய் தானாகத் திறந்தது. சட்டென்று முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டார். கண்கள் இரண்டும் அகல விரிய, மறுகையின் விரலை நீட்டித் தண்ணீரைக் காட்டினார்.